பார்த்துப் பழகிய கை



நான் 26 ஆண்டுகள் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்தவன். ஆகவே கோட்பாடுகளுக்குப் போகுமுன் ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு 15 வயது. பேருந்து நிலையத்தில் ஒருவருடைய சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுக்கும்போது பிடிபட்டவன். அவனுடைய குடும்பம், படிப்பு, சேர்க்கை பற்றி விசாரித்து அறிக்கை கொடுப்பது என் வேலை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். "யாருடா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன். "யாரும் சொல்லித் தரலை சார். பார்த்தேன்" என்றான். பிறகு நான் கேட்காமலேயே என் மேஜையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து இடது முன்கையில் போட்டுக்கொண்டு, அந்த மறைவில் வலது கையின் இரண்டு விரல்கள் எப்படி நீளும் என்று செய்து காட்டினான். கை நடுங்கவில்லை. தையற்கடையில் வளர்ந்த பிள்ளை ஊசியில் நூல் கோப்பதைப் போல அவ்வளவு சுத்தமான கைவேலை.

வெளியே தாழ்வாரத்தில் அவனுடைய அம்மா. "எங்க வம்சத்துல இப்படி ஒருத்தரும் கிடையாது சார். இவன் யாரைக் கொண்டு பொறந்தானோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகன் 'பார்த்தேன்' என்கிறான். தாய் பிறப்பில் தேடுகிறார். குற்றத்தைப் பற்றி உலகம் 150 ஆண்டுகளாக நடத்திவரும் வழக்கு அன்று என் அறைக்கு உள்ளேயும் வெளியேயும் நின்றது. அந்த வழக்கில் நான் பையனின் பக்கம்.

தாயின் பக்கத்தில் பெரிய பெரிய மனிதர்கள் நின்றிருக்கிறார்கள். இத்தாலிய மருத்துவர் சீசர் லொம்ப்ரோசோ 1876-இல் வெளியிட்ட நூலில், குற்றவாளியைத் தாடையிலும் காதிலும் மண்டையோட்டின் அமைப்பிலும் அடையாளம் கண்டுவிடலாம் என்றார். அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பே, 1871-இல், ஆங்கிலேய அரசு இந்தியாவில் குற்றப் பழங்குடியினர் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, அதுபோலத் திருடன் மகன் திருடன் என்பது அதை ஆதரித்தவர்களின் வாதம். தச்சன் மகனின் கைக்கு உளி பழகியது ரத்தத்தாலா, அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததாலா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அதே பிள்ளையைக் கொல்லன் பட்டறையில் விட்டிருந்தால் சம்மட்டி பழகியிருக்கும்.

1911-இல் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். எந்தக் குற்றமும் செய்யாதவர்கள், பிறந்த சமூகத்தின் பெயரால் விரல் ரேகை பதிந்து, ராத்திரியில் காவல் நிலையத்தில் கைகட்டிப் படுக்க வேண்டும். உசிலம்பட்டி பக்கத்தில் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர் சமூகத்தவர் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

அதே 1920-இல், அதே சென்னை மாகாணத்தில்தான் சிறுவர் சட்டம் நிறைவேறியது. இந்தியாவிலேயே முதல் சிறுவர் சட்டம் அது. தவறு செய்த சிறுவர்களை வயதுவந்த கைதிகளோடு அடைக்கக் கூடாது, தனியே வைக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. ஏன் தனியே வைக்க வேண்டும்? கூட இருந்தால் பார்த்துப் பழகிவிடுவார்கள் என்பதால்தான். குற்றம் பிறப்பில் வருகிறது என்று ஒரு கையால் துப்பாக்கி நீட்டிய அரசு, அது பழக்கத்தில் வருகிறது என்று மறு கையால் சட்டம் எழுதியது. பிறப்பைக் குற்றமாக்கிய சட்டம் இங்கே 1947-இல் நீங்கியது, நாடு முழுவதும் 1952-இல்.

நம் பழமொழிகளும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பவரும் நாம்தான். 'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்பவரும் நாம்தான். வள்ளுவர் சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

சேர்க்கையை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர்களில் முதல்வர் கேப்ரியேல் தார்த். பிரான்சில் சர்லா என்ற சிற்றூரில் நீதிபதியாக இருந்தவர். கூண்டில் வந்து நின்ற முகங்களைப் பல ஆண்டுகள் பார்த்த அனுபவத்தோடு, 1890-இல் மனிதன் மனிதனைப் பார்த்துச் செய்வதன் விதிகளை நூலாக எழுதினார். நெருங்கியவர்களைப் பார்த்தே அதிகம் செய்வோம், மேலே இருப்பவனைப் பார்த்துக் கீழே இருப்பவன் செய்வான் என்பவை அவர் கண்ட விதிகளில் முக்கியமானவை.

அடுத்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட். 1947-இல் அவர் தம் பாடநூலில் ஒன்பது கூற்றுகளாகச் சொன்னதன் சாரம் இது: குற்றம் கற்கப்படுகிறது. நெருக்கமான சிறு வட்டத்தில், பேச்சிலும் பழக்கத்திலும் கற்கப்படுகிறது. கற்பது கைவேலையை மட்டும் அல்ல. ஆசையையும் சேர்த்து, செய்ததற்கு ஒரு நியாயத்தையும் சேர்த்துக் கற்கிறான். இந்த மூன்றாவதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

ஒரு காட்சி சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். அப்பா ஸ்கூட்டர் ஓட்டுகிறார். முன்னால் கைப்பிடியைப் பிடித்தபடி ஏழு வயதுப் பிள்ளை நிற்கிறது. அப்பா தலையில் ஹெல்மெட் இல்லை. சிக்னல் தாண்டி நிறுத்துகிறார்கள். அப்பா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நாலாக மடித்து, லைசென்ஸ் அட்டைக்கு அடியில் வைத்து நீட்டுகிறார். "பார்த்துக்குங்க சார்." அட்டை திரும்பி வருகிறது, நோட்டு வரவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "இவங்களுக்கு இதே பொழப்பு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளை நோட்டை எப்படி மடிப்பது என்று கற்றது. என்ன சொல்லி நீட்டுவது என்று கற்றது. நீட்டியபின் குற்றம் யார்மீது என்றும் கற்றது. சதர்லேண்ட் சொன்ன பாடம் முழுவதும் அந்த அரை நிமிடத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது.

இந்த நியாயங்களைச் சைக்ஸ், மாட்சா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1957-இல் ஐந்தாகப் பிரித்தார்கள். நம் வாய்மொழியில் சொன்னால் இப்படி வரும்: 'என் நிலைமை அப்படி', 'யாருக்கு என்ன நஷ்டம்', 'அவனுக்கு வேணும்', 'கேக்க வந்தவன் மட்டும் யோக்கியனா', 'கூட்டாளிக்காகச் செஞ்சேன்'. என் பணிக்காலத்தில் ஆறாவதாக ஒன்றை நான் கேட்டதில்லை. இவற்றை எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. பெரியவர்கள் வாயிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாமூல், டீ செலவு, கவனிப்பு என்று நாம் வைத்திருக்கும் சொற்களும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. லஞ்சம் என்று சொன்னால் கை கூசும், டீ செலவு என்றால் கூசாது.

சதர்லேண்ட் ஏழைத் தெருவோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதால் அவர்மீது எனக்குக் கூடுதல் மதிப்பு. அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களை எடுத்துக்கொண்டு அவற்றுக்கு எதிராக வந்த தீர்ப்புகளைக் கணக்கிட்டார். மொத்தம் 980. வேலைக்குச் சேரும் இளைஞன், நாற்காலியில் இருக்கும் மூத்தவரைப் பார்த்து, 'இந்தத் தொழிலில் இப்படித்தான்' என்று பழகுவதும் அதே கற்றல்தான் என்றார். 1949-இல் அந்த நூல் வந்தபோது நிறுவனங்களின் பெயர்களை நீக்கித்தான் பதிப்பிக்க முடிந்தது. பெயர்களோடு வெளிவர 1983 வரை ஆயிற்று. சேரிப் பையனின் கற்றலைப் பற்றி ஆயிரம் பேசும் நாம், குளிரூட்டிய அறையில் நடக்கும் கற்றலைப் பேசத் தயங்குகிறோம். ஒரே விதி இரண்டுக்கும் பொருந்தும் என்று சொல்லாதவரை இந்தத் துறைக்கு நேர்மை இல்லை என்பது என் கருத்து.

கற்றல் நடக்கிறது என்றார்கள் இவர்கள். அது கண்முன்னே எப்படி நடக்கிறது என்று காட்டியவர் ஆல்பர்ட் பாண்டுரா. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் மண்டேர் என்ற சின்ன ஊரில் 1925-இல் பிறந்து, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2021-இல் மறைந்தவர். டொரதியா ராஸ், ஷீலா ராஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்து, 1961-இல் வெளியான சோதனை இது.

பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியிலிருந்து 72 குழந்தைகள். மூன்று வயது முதல் ஐந்தே முக்கால் வயது வரை. ஒரு குழந்தையை அறைக்கு அழைத்துவந்து ஒரு மூலையில் படம் அச்சிடவும் ஸ்டிக்கர் ஒட்டவும் உட்கார வைக்கிறார்கள். எதிர் மூலையில் பெரியவர் ஒருவர். அவர் பக்கத்தில் சில விளையாட்டுச் சாமான்கள், ஒரு மரச்சுத்தியல், தள்ளினால் மறுபடி எழுந்து நிற்கும் ஐந்தடி காற்றடைத்த பொம்மை. ஒரு நிமிடம் சாமான்களோடு இருந்துவிட்டு, பெரியவர் பொம்மையைப் படுக்கப்போட்டு மேலே உட்கார்ந்து மூக்கில் குத்துகிறார். சுத்தியலால் தலையில் அடிக்கிறார். தூக்கி எறிந்து உதைக்கிறார். வாயாலும் ஏதோ சொல்லிக்கொண்டே செய்கிறார். வேறு 24 குழந்தைகள் சாதுவான பெரியவரைப் பார்த்தன. இன்னும் 24 யாரையும் பார்க்கவில்லை.

பிறகு வேறோர் அறை. நல்ல நல்ல பொம்மைகள். குழந்தை ஆசையாக விளையாடத் தொடங்கியதும், 'இவை மற்றப் பிள்ளைகளுக்கு வைத்திருப்பவை' என்று சொல்லி எழுப்பிவிடுகிறார்கள். ஏமாற்றத்தோடு மூன்றாவது அறைக்குள் வரும் குழந்தையை 20 நிமிடம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அடித்தன. சும்மா அடிக்கவில்லை. அந்தப் பெரியவர் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்து, அதே சுத்தியலை எடுத்து, அதே வார்த்தைகளைச் சொல்லி அடித்தன. யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. என் அறையில் உட்கார்ந்திருந்த பையன் சொன்னதும் அதுதான்.

இது வெறும் பொம்மை, அடிப்பதற்கென்றே செய்த பொம்மை, இதை வைத்துக் கொலைகாரனைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பல்கலைக்கழகப் பள்ளிக் குழந்தைகளிடம் 20 நிமிடம் பார்த்ததை வைத்து வாழ்நாள் முழுவதையும் கணக்குப் போட முடியாது. அதனால்தான் பாண்டுரா 1965-இல் வெளியிட்ட அடுத்த சோதனையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த முறை 66 குழந்தைகள். பொம்மையை ஒருவர் அடிக்கும் படத்தை எல்லோரும் பார்த்தார்கள். முடிவு மட்டும் வேறு வேறு. ஒரு படத்தில் அடித்தவருக்குப் பாராட்டும் தின்பண்டமும் கிடைக்கின்றன. இன்னொன்றில் திட்டும் அடியும். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாக அடித்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு, 'அவர் செய்ததைச் செய்து காட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கரும் பழச்சாறும் தருவோம்' என்றபோது, மூன்று கூட்டத்துக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்து காட்டின.

கற்றல் வேறு, செய்தல் வேறு என்பது இதிலிருந்து கிடைத்தது. பார்த்தவை எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டன. எதை வெளியே எடுப்பது என்பதை, செய்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதை வைத்துக் குழந்தை முடிவு செய்கிறது.

இதைப் படித்த பிறகுதான் அந்தப் பையனிடம் நான் தப்பான கேள்வி கேட்டேன் என்று புரிந்தது. அடுத்த முறை, "யாரைப் பார்த்தே?" என்று கேட்காமல், "பார்த்தப்புறம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். தெருவில் இருக்கும் ஓர் அண்ணனைப் பற்றிச் சொன்னான். அந்த அண்ணன் டீக்கடைக்கு வந்தால் பெஞ்சில் இடம் விடுவார்களாம். கடைக்காரர் காசு கேட்க மாட்டாராம். கோயில் கொடைக்கு முதல் ரசீது அந்த அண்ணன் பெயரில்தான் கிழிப்பார்களாம். பையனின் அப்பா 18 வருடம் மூட்டை தூக்கியவர். அதே கடையில் நின்றுகொண்டு குடிப்பார், காசு கொடுத்து.

அந்தப் பையனுக்குக் கைவேலை கற்றுத் தந்தவன் ஒருவன். அதைச் செய்யலாம் என்று கற்றுத் தந்தவர்கள் டீக்கடையில் இடம் விட்டவர்கள், ரசீது கிழித்தவர்கள்.

செய்தவன் தப்பித்துவிட்டான் என்ற சேதி ஒன்றே போதும், எவ்வளவு தூரமும் போகும். 1971 நவம்பர் 24-ஆம் தேதி அமெரிக்காவில் டான் கூப்பர் என்ற பெயரில் டிக்கெட் வாங்கிய ஒருவன், போர்ட்லாந்திலிருந்து சியாட்டில் போன போயிங் 727 விமானத்தைக் கடத்தி, 2 லட்சம் டாலரும் பாராசூட்டுகளும் வாங்கிக்கொண்டு, பின்பக்கப் படி வழியாக இரவு மழையில் குதித்தான். இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் அதே பாணியில் இறங்கினார்கள். ஏப்ரல் 1972-இல் யூட்டா மாநிலத்தின் மேல் 5 லட்சம் டாலரோடு குதித்தவர் இரண்டே நாளில் பிடிபட்டார். அப்படியும் அடுத்தவர் வந்தார். பிடிபட்டவர்களைவிடக் கிடைக்காமல் போன ஒருவனையே அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறக்கும்போது பின்படி திறக்காதபடி ஒரு தகட்டைப் பொருத்திய பிறகும், 1973 ஜனவரியிலிருந்து எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கிய பிறகும்தான் அது ஓய்ந்தது.

சினிமா பார்த்துக் கெட்டுப் போகிறார்கள் என்ற பேச்சை இங்கே யாராவது எழுப்புவீர்கள். திரையில் பார்த்தும் கற்க முடியும் என்று பாண்டுராவே 1963-இல் காட்டியிருக்கிறார். ஆனால் என் அனுபவத்தில் திரை வழியைக் காட்டும், துணிவைப் பக்கத்தில் இருப்பவர்தான் கொடுப்பார். இன்று அந்தக் கோடும் அழிந்துவருகிறது. 2021-இல் மில்வாக்கி நகரத்தில் சில வகைக் கார்களை எளிதாகத் திருட முடியும் என்று விடலைப் பையன்கள் கண்டார்கள். 2022-இல் அது டிக்டாக்கில் ஓடியது. விபத்துகளில் எட்டுப் பேர் இறந்ததாக அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2023 பிப்ரவரியில் அறிவித்தது. 83 லட்சம் கார்களுக்குப் புது மென்பொருள் தர வேண்டிவந்தது. அந்த வீடியோவில் கைவேலையும் இருந்தது, கைதட்டலும் இருந்தது. டீக்கடை பெஞ்சு செல்போனுக்குள் வந்துவிட்டது.

கடைசியாக, என் துறைக்காரர்களுக்குக் கசப்பான ஒன்று. திருத்துவதாக நினைத்து நாம் கற்றுக்கொடுக்கிறோம். மாசசூசெட்ஸில் டாக்டர் ரிச்சர்ட் கேபட் தொடங்கிவைக்க, 1939 முதல் 506 சிறுவர்களை வைத்து ஒரு பெரிய முயற்சி நடந்தது. பாதிப் பேருக்கு வழிகாட்டிகள், பாட உதவி, கோடை முகாம். மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. 30 ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களே சில வகையில் மோசமாக இருந்தார்கள். முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போனவர்களிடம் அந்தக் கேடு தெளிவாகத் தெரிந்தது. நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகளை விட்டுச் சிறுவர்களை மிரட்டும் திட்டம் 1976-இல் வந்தது. அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. ஜேம்ஸ் பின்கனாவர் கணக்கெடுத்துப் பார்த்தார். போய்வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் மறுபடி குற்றம் செய்தார்கள், போகாதவர்களில் பத்துக்கு ஒருவர்.

ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியன் இருநூறுக்கும் மேற்பட்ட சிறுவர்களை அவரவர் நண்பனோடு உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் படம்பிடித்தார். அத்துமீறிச் செய்ததை ஒருவன் சொல்ல, மற்றவன் எப்போது சிரிக்கிறான் என்று கவனித்தார். அப்படிச் சிரித்துப் பேசிய கூட்டாளிகள் பிற்பாடு அதிகம் தவறு செய்தார்கள். தின்பண்டமோ பணமோ வேண்டியிருக்கவில்லை, சிரிப்பே பரிசு.

அந்தப் பையனை மூன்று வாரம் ஒரு கூர்நோக்கு இல்லத்தில் வைத்தார்கள். வேண்டாம் என்று நான் அழுத்தி எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. ஜேப்படி மட்டும் தெரிந்து உள்ளே போனவன், வெளியே வரும்போது பைக் பூட்டைச் சாவியில்லாமல் திறப்பதைப் பற்றிப் பேசினான். ராத்திரியில் படுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கதை சொல்வார்களாம். "செம்ம சிரிப்பு சார்" என்றான்.

2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் பிள்ளையைக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பவும், சமூக சேவை செய்யச் சொல்லவும், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடவும் இடம் தருகிறது. அடைப்பது கடைசி வழி என்பதே அதன் கொள்கை. அந்த முடிவை எடுப்பது இளைஞர் நீதிக் குழுமம். அதில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலப்பணி இவற்றில் ஏழு ஆண்டு உழைத்தவர்கள் வரலாம். குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர்களும் வரலாம். இந்த அரங்கில் அப்படிப்பட்டவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள்.